துப்பாக்கியைக் கழற்றினால் காந்தமும் கூடவே வருகிறது, உதவி தேவை

செந்தூரிகை:
அவசரம். சனிக்கிழமை மேசையில் சின்ன மாடல் படைகளை வைத்து ஆடுகிற ஆட்டம் இருக்கிறது. ஒரு மாடலின் கையில் இரண்டு துப்பாக்கியையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று கையிலும் துப்பாக்கிகளிலும் காந்தம் வைத்தேன். நன்றாகத்தான் ஒட்டுகிறது. கழற்றும்போது மாடலின் கையில் பதித்த காந்தம் துப்பாக்கியோடு சேர்ந்து வந்துவிடுகிறது. மறுபடி ஒட்டினாலும் அதே கதை. எந்தக் காந்தம் வாங்கலாம்?

உப்புத்தாள்:
என்ன மாடல்? பிளாஸ்டிக்கா, ரெசினா? காந்தம் எத்தனை மில்லிமீட்டர்? எந்தப் பசை? இதெல்லாம் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும் நண்பரே.

கோட்டைவாசல்:
நீங்கள் வாங்கியது என்35 தரமாக இருக்கும், அது சோப்ளாங்கி. அதைவிட வலுவான என்52 தரம் வாங்குங்கள். என் படை முழுக்க அதுதான்.

பழைய கை:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். தேடினாலே பதில் கிடைக்கும். துருவம் பார்த்து வைத்தீர்களா? அடிப்படை தெரியாமல் துளை போட ஆரம்பித்தால் இப்படித்தான் ஆகும் தம்பி.

உப்புத்தாள்:
துருவம் மாறியிருந்தால் துப்பாக்கி தள்ளிக்கொண்டு போகும், ஒட்டவே ஒட்டாது. அவருக்கு ஒட்டுகிறது. காந்தங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடி, பசையின் பிடியைவிட அதிகம், அவ்வளவுதான். இதில் என்52 போட்டால் இன்னும் சுலபமாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.

செந்தூரிகை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். வார்ஹாமர் 40கே ஆட்டத்தில் வருகிற ரிடெம்ப்டர் டிரெட்நாட் என்கிற நடக்கும் போர் இயந்திரம், பிளாஸ்டிக். வலது கைக்கு பிளாஸ்மா, கேட்லிங் என்று இரண்டு துப்பாக்கி. காந்தம் 3க்கு 1, அதாவது 3 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன். மாடல் ஒட்டுகிற பிளாஸ்டிக் பசைதான் போட்டேன்.

உப்புத்தாள்:
கிடைத்துவிட்டது. அந்தப் பசை மாடல் செய்கிற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றாக உருக்கிச் சேர்க்கும். காந்தத்தின் மேல் இருப்பது வழவழப்பான நிக்கல் பூச்சு, அதில் கரைய ஒன்றும் இல்லை. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் குளூ போடுங்கள்.

பழைய பசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். பசை படப்போகும் முகத்தை மட்டும் 220 நம்பர் உப்புத்தாளில் நாலு தேய் தேயுங்கள், பளபளப்பு போனால் போதும். விரல் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிடுங்கள். துளைக்குள் குண்டூசி முனையில் எடுத்த ஒரு பொட்டுப் பசை போதும், அதிகமானால் மேல் முகத்துக்கு வழிந்து இடைவெளி உண்டாக்கும். அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இவ்வளவு சின்னக் காந்தத்தின் பிடியைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

துருவத்துக்கு: காந்தங்களை ஒரே அடுக்காக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். கையில் புள்ளி உள்ளே போனால், இரண்டு துப்பாக்கியிலும் புள்ளி வெளியே தெரிய வேண்டும். ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம், கழற்றும்போது நேராக இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள்.

வெண்கலக்கோல்:
சூப்பர் குளூ நொறுங்குகிற ஜாதி. கீழே விழுந்தால் டக்கென்று விட்டுவிடும். இரண்டு டியூபைக் கலந்து போடுகிற அரால்டைட்தான் சரி.

பழைய கை:
3 மில்லிமீட்டர் துளைக்கு அரால்டைட்டா? கலக்கி முடிப்பதற்குள் பாதி பசை வீணாகிவிடும். என் மாடல்கள் எல்லாம் சூப்பர் குளூவில்தான் நிற்கின்றன.

வெண்கலக்கோல்:
அலமாரியில் நிற்கிற மாடல் நிற்கத்தான் செய்யும். நான் பைக்கில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு போகிறேன்.

கோட்டைவாசல்:
பைக் என்றதும் ஞாபகம் வருகிறது. வெயிலில் நிற்கிற காரில் விட்டால் காந்தம் செத்துப்போகும் என்கிறார்களே?

வெண்கலக்கோல்:
நாம் போடுகிற இந்தச் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி வரை தாங்கும். நேர் வெயில் படுகிற டாஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள்.

நிலாக்கோட்டை:
வீட்டில் குழந்தைகள் இருந்தால் உதிரிக் காந்தங்களை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், தயவுசெய்து. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உப்புத்தாள்:
மிக முக்கியமான விஷயம், நன்றி அக்கா.

செந்தூரிகை, இன்னொன்று. ரிடெம்ப்டரின் துப்பாக்கி நீளம், எடை முழுக்க முன்னால் இருக்கிறது. 3 மில்லிமீட்டரில் மூக்கு தொங்க வாய்ப்புண்டு. இடம் இருந்தால் 5க்கு 1 போடுங்கள். அகலம் கூடினால் தொங்குவது குறையும். அப்படியும் துப்பாக்கி சுழன்றால், காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பித் துண்டு ஒன்றை ஊன்றி, எதிர்ப்பக்கம் அதற்கு ஒரு துளை போட்டுவிடுங்கள்.

செந்தூரிகை:
உப்புத்தாள் அண்ணா, ஃபெவிக்விக் போட்டேன். பிளாஸ்மா நிற்கிறது, கழற்றினாலும் காந்தம் வரவில்லை. ரொம்ப நன்றி. பெயிண்ட் அடிக்க ஓடுகிறேன்.

உப்புத்தாள்:
மகிழ்ச்சி. காந்தத்தின் முகத்தில் பெயிண்டைத் தடிமனாக ஏற்றிவிடாதீர்கள். கேட்லிங் நிற்கிறதா? அதுதான் கனம்.

வெண்கலக்கோல்:
கேட்லிங்குக்கு அரால்டைட் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.