இன்லெற் வால்வு ஒட்டினால் கொம்பிரசர் காட்டுற குணங்கள்

பரந்தன் மில்:
கலர் சோட்டருக்கு (நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மெசின்) காற்றுக் கொடுக்கிற ஸ்குரூ கொம்பிரசரில் காலபோக அறுவடையோடு வாற பழுது இது: மெசின் ஓடும், லோட் எடுக்காது, அதாவது காற்றை அமுக்காது. மாசி, பங்குனியில் ஃபில்டரைத் தாண்டிற தவிட்டுத் தூசு ஒயிலோட சேர்ந்து, காற்றை உள்ளுக்கு விடுற இன்லெற் வால்வின் தண்டில் பசையாப் பிடிச்சிடும். ஸ்ராட் ஆகும்போது வால்வு மூடித்தான் இருக்கும். மோட்டர் டெல்டாவுக்கு (முழு ஓட்டத்துக்கான இணைப்பு) மாறின பிறகு சோலனொயிட்டுக்கு (கரண்டில் வேலை செய்யிற சின்னக் காந்த வால்வு) கரண்ட் போக, கட்டுப்பாட்டுக் காற்று பிஸ்டனைத் தள்ளித் திறக்கும். 8 பாரில் செற் பண்ணியிருந்தால், அந்த அளவு வந்ததும் கரண்ட் நின்று வால்வு மூடும், உள்ளுக்க நிண்ட காற்றை வெளிய விடுற ப்ளோடவுன் வால்வு திறக்கும். பெரும்பாலான மெசின்களில் ஒழுங்கு இதுதான்.

வவுனியா சேவிஸ்:
அண்ணை, முதல்ல சோலனொயிட்டைப் பாருங்கோ. லோட் நேரத்தில் அதின்ர காயில் (கம்பிச் சுருள்) நட்டில் ஸ்குரூட்ரைவர் முனையை வைச்சால் காந்தம் இழுக்கவேணும். இழுத்தும் லோட் இல்லையெண்டால் ரியூபில் லீக், அல்லது பிஸ்டன் ஒட்டு. இழுக்காட்டி மீற்றரால் வோல்டேஜ் பாருங்கோ. காயில் 230, 110, 24 எண்டு இருக்கும். எழுதியிருக்கிறதைப் பார்த்துத்தான் வாங்கவேணும்.

நிப்பாட்டேக்க ஃபில்டருக்குள்ள ஒயில் துப்பினால் வால்வு முழுசா மூடேல்லை. புது ஃபில்டர் போட்டுப் பிரயோசனமில்லை, அதுவும் நனையும். ஸ்பிரிங், ஓ-ரிங், வால்வு இருக்கிற முகம் மூண்டையும் பாருங்கோ. கழட்ட முதல் மெயின் ஓஃப், செப்பரேற்றர் (காற்றில இருந்து ஒயிலைப் பிரிக்கிற டாங்கி) கேஜ் பூச்சியம். அழுத்தம் இருக்கேக்க போல்ட் தளர்த்துறது உயிராபத்து. ஓ-ரிங்கை எடுத்திட்டுத்தான் பெற்றோலால கழுவவேணும், ரப்பர் ஊதும். பூட்டேக்க சிலிக்கன் கிரீஸ் மெல்லிசாப் போதும்.

மாங்குளம் ரயர்கடை:
பிஸ்டன் ரகக் கொம்பிரசருக்கும் சொல்லவேணும். மோட்டர் நிண்டதும் பிரஷர் சுவிட்சடியில் ஒண்டு ரெண்டு செக்கன் 'உஸ்' எண்டால் நல்லம், ஹெட்டில் நிண்ட காற்று போகுது. நிக்காமல் சீறினால் சுவிட்சை மாத்தாதேங்கோ. டாங்கி வாயில உள்ள செக் வால்வு பிடிக்கேல்லை, டாங்கிக் காற்றுத் திரும்பி வருது. சத்தமே இல்லையெண்டால்தான் கவலை. அடுத்த ஸ்ராட்டில் மோட்டர் உறுமும், சுத்தாது. வோல்டேஜ் இறங்கிற பின்னேரத்தில் கபாசிற்றரும் வைண்டிங்கும் சேர்ந்து போகும்.

ஃபில்டர் வாயில் கையை வையுங்கோ. ஒவ்வொரு அடிக்கும் காற்று வெளிய துப்பினால் இன்லெற் ரீட் பிளேட் (வளைஞ்சு திறந்து மூடுற மெல்லிய தகடு) மூடேல்லை. கரி பிடிச்சதெண்டால் துடைச்சுப் போடலாம். வெடிப்பெண்டால் ஹெட் காஸ்கெற்றோட மாத்துங்கோ. உடைஞ்ச துண்டு உள்ளுக்க விழுந்தால் சிலிண்டரையும் கீறிப்போடும்.