அகராதி விளையாட்டுக்கு அரிய சொற்கள் தேவை

நண்பர்களே, வணக்கம். அகராதியில் அரிய சொல் ஒன்றை எடுத்து, ஆளுக்கொரு பொய்ப்பொருள் எழுதி, உண்மைப் பொருளோடு கலந்து வாசித்து, எது சரி என்று கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குச் சொற்கள் சேர்க்கிறேன்.

போன தடவை 'ஞிமிறு' கொடுத்தோம். 'கூட்டத்தில் தூங்கி விழும் தலை, கைதட்டல் கேட்டுச் சட்டென நிமிர்வது' என்று ஒருவர் எழுத, எல்லோரும் நம்பிவிட்டார்கள்! உண்மையில் அது வண்டு. 'கொண்மூ' மட்டும் எடுபடவில்லை. மேகம் என்று பலருக்கும் தெரிந்திருந்தது.

சங்கப் பாடல்களிலும் நிகண்டுகளிலும் இப்படி எத்தனையோ கிடக்கின்றன. எளிதில் ஊகிக்க முடியாத சொல்லாகப் பார்த்துக் கொடுங்கள். கூடவே உங்கள் வேடிக்கை விளக்கமும் வேண்டும், அச்சு அசல் அகராதி நடையில்.

'ஞெகிழி' (கொள்ளிக்கட்டை), 'உவணம்' (கழுகு) இரண்டுக்கும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முதலில் அவற்றுக்கு உதவுங்களேன்!