கண் பிரஷருக்கு கொழுப்பில செய்த நனோ சொட்டு வந்திட்டாம், அம்மாக்கு எடுக்கலாமா?

களுவாஞ்சிக்குடி மகன்:
அம்மாக்கு 67 வயசு, ரெண்டு கண்ணிலயும் கண் பிரஷர், நாலு வருசமா மட்டக்களப்பு கிளினிக்ல காட்டி வாறம். காலையும் பின்னேரமும் டிமோலோல், ராவைக்கு லட்டனோபுரோஸ்ட். கை நடுக்கம் அவக்கு, பாதி கன்னத்திலதான் போகுது, நான் வேலைக்குப் போனா விட்டுவிட ஆளும் இல்ல. இப்ப கட்டார்ல இருக்கிற அண்ணன் வட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பியிருக்கார், சின்னச் சின்ன கொழுப்புத் துணிக்கைக்குள்ள மருந்த வைச்சு கண்ணுக்குள்ள அனுப்புறாங்களாம், ஒருக்காப் போட்டா மாசக்கணக்கில வேலை செய்யுமாம், அடுத்த மாசம் வரேக்க வாங்கி வரட்டா எண்டு கேக்கிறார். இது உண்மையா? அம்மாக்கு கொலஸ்ட்ரோலும் இருக்கு, கொழுப்பு எண்டதும் அவ பயப்பிடுறா. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கல்முனை பாமசிக்காரன்:
தம்பி, என்ன வந்தாலும் இப்ப போடுற சொட்ட நீங்களா நிப்பாட்டிப் போடாதீங்க, கண் பிரஷரில போன பார்வை திரும்பி வராது.

வீடியோவில சொன்ன விசயம் பொய் இல்ல. சாதாரண சொட்டில என்ன பிரச்சினை எண்டா, ஒரு சொட்டு 30 தொடக்கம் 50 மைக்ரோலீட்டர் வரும், ஆனா கண்ணில கண்ணீர் நிக்கிறதே 7 மைக்ரோலீட்டர் மாதிரித்தான், மிச்சம் கன்னத்தில வழியும் இல்லாட்டி மூக்கோரத்து ஓட்டையால தொண்டைக்கு இறங்கும், அதாலதான் சொட்டுப் போட்டு கொஞ்ச நேரத்தில வாய் கைக்கிறது. உள்ளுக்குப் போய்ச் சேர்றது 5% கூட இல்ல. மறுகா கருவிழிட மேல் தோல் எண்ணெய்க்குச் சினேகம், அதுக்குக் கீழ இருக்கிற தடிச்ச படை தண்ணிக்குச் சினேகம், அதால தண்ணியில கரையிற மருந்து மேல மறிபடும், எண்ணெயில மட்டும் கரையிறது கீழ மறிபடும். கொழுப்புத் துணிக்கை இதுக்குத்தான். கண் மேல ஒட்டிக் கொஞ்சம் கூட நேரம் நிண்டு மருந்த மெல்ல மெல்ல விடும். கண்ணிட மேல்பக்கம் நெகட்டிவ் மின்னேற்றம், அதால சில ஆக்கள் துணிக்கைக்கு பொசிட்டிவ் ஏற்றம் குடுத்து ஒட்டப் பண்ணுறாங்க.

கடைக்கு வந்ததும் இருக்கு. 2002ல அமெரிக்காவில கண் வரட்சிக்கு சைக்ளோஸ்போரின ஆமணக்கெண்ணெயில கலந்த சொட்டுக்கு அனுமதி குடுத்தாங்க, அந்த மருந்து தண்ணியில கரையவே கரையாது. அதே மருந்து 2015ல ஐரோப்பாவில பொசிட்டிவ் ஏற்றத்தோட வந்திச்சு. அம்மா போடுற லட்டனோபுரோஸ்டையும் அப்பிடி எண்ணெய்த் துளியில வைச்சு, கெடாம இருக்கப் போடுற இரசாயனம் இல்லாம, 2023ல ஐரோப்பாவில அனுமதி எடுத்திருக்காங்க. ஆனா அதுவும் ஒவ்வொரு நாளும் ராவைக்குப் போடுறதுதான். மாசக்கணக்கு எண்டது சிங்கப்பூர்ல செய்த ஆராய்ச்சியா இருக்கோணும், லைபோசோம் எண்ட குட்டிக் கொழுப்புப் பைக்குள்ள லட்டனோபுரோஸ்ட வைச்சு வெள்ளை முழி மேல இருக்கிற மெல்லிய சவ்வுக்குக் கீழ ஊசி போட்டவங்க, 3 மாசம் பிரஷர் குறைஞ்சு நிண்டது எண்டு 2014ல எழுதினாங்க. நல்ல செய்திதான், ஆனா அதில இருந்தது 6 பேர், அதோட அது சொட்டும் இல்ல. பாமசியில வாங்கிற சாமான் இல்ல தம்பி. அண்ணன் ஒண்டும் கொண்டு வரத் தேவையில்ல.

கொலஸ்ட்ரோல் பயமும் வேணாம். அந்தச் சொட்டில இருக்கிற எண்ணெய், கறிக்கு விடுற தேங்காய்ப்பாலில ஒரு சொட்டில இருக்கிறத விடக் குறைவு.

கல்லடி கெமிஸ்ட்ரி:
நான் கடைசி வருச ப்ரொஜெக்டுக்கு இந்தத் துணிக்கை செஞ்சு பாத்தவன், கண்ணுக்கு இல்ல, செய்முறை படிக்க மட்டும். கொழுப்ப உருக்கி, மருந்த அதுக்குள்ள கரைச்சு, அதே சூட்டில சோப்பு மாதிரி ஒரு சாமான் போட்ட தண்ணியில வேகமா அடிச்சு ஆறவிட்டா துணிக்கை வரும், 100, 200 நனோமீற்றர் அளவில, ஒரு தலைமயிர் 80,000 மாதிரி வரும் எண்டா பாருங்க. அண்டைக்கு நல்லாத்தான் இருந்திச்சு. ரெண்டு கிழமையால பாத்தா மருந்து வெளிய வந்து அடியில படிஞ்சிட்டு. நெய் உறையிறத பாத்திருப்பீங்க, குருணை குருணையா ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கமா நிக்கும், இதுவும் அதுதான், கொழுப்பு ஒழுங்கா அடுக்குப்படேக்க நடுவில இருந்த மருந்துக்கு இடமில்லாமப் போயிடுது. அதால இப்ப உறையிற கொழுப்போட கொஞ்சம் உறையாத எண்ணெயும் சேத்து வேணுமெண்டே அடுக்கக் குழப்பி விடுறாங்க. கண்ணுக்குப் போடுறது எண்டா கிருமியும் இருக்கப்படாது, ஆனா சூடாக்கிக் கிருமி எடுத்தா கொழுப்பு திரும்ப உருகும். எனக்கு இது சரியான பிடிச்ச விசயம், அதால சொல்றன், ஆய்வுகூடத்தில வேலை செய்யுது எண்டதும் போத்தலில ரெண்டு வருசம் நம்மட வெக்கையில கெடாம நிக்குது எண்டதும் ஒண்டு இல்ல.

அக்கரைப்பற்று ராத்தா:
தம்பி நான் கண் வரட்சிக்கு அந்த சைக்ளோஸ்போரின் சொட்டுத்தான் போடுறன், டொக்டர் எழுதித் தந்தது. பால் மாதிரி வெள்ளையா இரிக்கும், சின்ன பிளாஸ்டிக் குப்பியில வரும். போட்டதும் எரியும், கொஞ்ச நேரம் பனி மூடினாப்போல தெரியும், அந்த நேரம் அடுப்படிக்குப் போகமாட்டன். மூணு மாசம் போனதுக்குப் பொறவுதான் எனக்கு சுகம் தெரிஞ்சது. நடுவில விட்டுட்டு இரிக்கேலாது.

ஆரையம்பதி:
எங்கட அப்பாக்கு சீனி வருத்தத்தால கண்ணுக்குப் பின்னால தண்ணி கட்டி, கண்ணுக்குள்ளயே ஊசி போடுறம். ஊசி நாள் எண்டா முதல் நாள் ராவே அவருக்கு நித்திரை இல்ல. இந்தக் கொழுப்புச் சொட்டு வந்தா ஊசி தேவையில்லையா?

கல்முனை பாமசிக்காரன்:
இப்போதைக்கு இல்ல அண்ணே. சொட்டு முன்பக்கத்துக்குத்தான் காணும், விழித்திரை கண்ணிட பின்சுவரில, நடுவில கூழ் மாதிரி நிறைஞ்சிருக்கு. எலியிலயும் முயலிலயும் துணிக்கை பின்னுக்குப் போனதா எழுதியிருக்காங்க, ஆனா அந்தக் கண்கள் சின்னன். அப்பாக்கு ஊசிய விடவேணாம், முதல் நாள் யாராவது பக்கத்தில இருந்து கதைச்சிட்டு இருங்க.

களுவாஞ்சிக்குடி தம்பி, அம்மாவ படுக்க வைச்சு சொட்டுப் போடச் சொல்லுங்க. கை நடுங்கினா கண்ண மூடிட்டு மூக்கோரக் குழியில ஒரு சொட்டு விட்டு, பிறகு கண்ணத் திறந்தா உள்ளுக்கு இறங்கும். போட்டதும் கண்ண மூடி அந்த மூலைய விரலால ரெண்டு நிமிசம் அமத்திப் பிடிக்கோணும், அடுத்த மருந்து அதே நேரத்தில இருந்தா 5 நிமிசம் இடைவெளி. இத முதல்லயே கேட்டிருக்கோணும், அம்மாக்கு இழுப்பு, ஆஸ்மா எண்டு சொல்றது, இருக்கா? டிமோலோல் மூக்கால இறங்கி இரத்தத்தில கலந்தா நாடி குறையும், இழுப்பும் கூடும்.

களுவாஞ்சிக்குடி மகன்:
அண்ணே, மாரி காலத்தில இழுப்பு வாறது. சின்ன வயசிலயே இருந்ததாம். கிளினிக்ல யாரும் கேட்டாங்களா எண்டு அம்மாட்ட கேட்டன், தனக்கு ஞாபகமில்லையாம். இந்த மார்கழியில ரெண்டு தரம் இன்ஹேலர் எடுத்தவ, நாங்க குளிரெண்டு நினைச்சிட்டு இருந்தம்.

கல்முனை பாமசிக்காரன்:
கிளினிக் தேதிக்கு நிக்காதீங்க, நாளைக்கே போங்க. ரெண்டு போத்தலையும் இன்ஹேலரையும் கொண்டு போய் இத அப்பிடியே சொல்லுங்க, இழுப்பு உள்ள ஆக்களுக்கு மாத்திக் குடுக்க வேற சொட்டு இருக்கு. இரவில மூச்சு கஷ்டமெண்டா உடனே ஆஸ்பத்திரி.

களுவாஞ்சிக்குடி மகன்:
சரி அண்ணே. வேலைக்கு லீவு சொல்லிட்டன், காலையில முதல் பஸ்ஸில போறம். அண்ணனுக்கும் ஒண்டும் வாங்க வேணாமெண்டு வொய்ஸ் போட்டுட்டன்.