500 பிரதி அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

ஏற்காடு ரைட்டர் கேட்கிறார்:

சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் 31 வருடம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை. செக்ரோலில் ஆள் கணக்கு எழுதுகிறவன். ஓய்வுக்குப் பிறகுதான் நிஜமாகவே எழுத உட்கார்ந்தேன். தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயம், பழம் பறிக்கும் நாட்கள், மிளகு பறிக்க சில்வர் ஓக்கில் ஏறி விழுந்து பிழைத்த ஒருவர் கதை என்று நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள். 152 பக்கம் வருகிறது.

ஒரு பதிப்பு நிறுவனத்தில் பேசினேன். 500 பிரதிக்கு 62,000 ரூபாய் நான் கட்ட வேண்டும். நூலுக்கான உலக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்க 3,000, அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்ற 4,000 தனி. விற்றால் எனக்குப் பத்து சதவீதம் ராயல்டியாம். என் காசில் அச்சடித்து எனக்கே பத்து சதவீதமா என்று கேட்டதற்கு, ‘இதுதான் ஐயா நடைமுறை’ என்றார்கள். இங்கே விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், பின்னட்டையில் விளம்பரம் போட்டால் 5,000 தருவதாகச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை ஆசிரியை:

ஐயா, முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

2019-ல் நானும் 500 அடித்தேன். அதுவும் கவிதை! இன்றும் 180 பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அந்தக் கட்டுகளை ஒரு பார்வை பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால்கூடத் தேவலை.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது; நூலாசிரியரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் பதிப்பு நிறுவனத்தார் கேட்கும் 3,000 விண்ணப்பம் நிரப்பும் கூலி. எண்ணை அவர்கள் பெயரில் வாங்கினால் பதிப்பாளர் அவர்கள், நீங்கள் இல்லை. என் முதல் நூலில் அப்படித்தான் ஆயிற்று. கிண்டிலில் தமிழ் மின்னூல் ஏற்றவும் காசு வேண்டாம், மகளே செய்துவிடலாம். மின்னூலுக்கு ஐ.எஸ்.பி.என். போடுவதானால் தனி எண், அச்சு நூலின் எண்ணை அதற்குப் போடக் கூடாது.

இப்போது பிரதி எண்ணிக்கை. செக்ரோல் எழுதிய கைதானே, இதற்கும் ஒன்று எழுதுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பெயரை மட்டும், ஊரோடு. ‘எனக்கு ஒன்று வையுங்கள்’ என்பவர்களைச் சேர்க்காதீர்கள். இரண்டாவது நூலுக்கு நான் எழுதிப் பார்த்தபோது 64 பெயர்தான் தேறியது. அதனால் டிஜிட்டல் அச்சில் 100 பிரதி போட்டேன். ஒரு பிரதிக்கு 130 ரூபாய் ஆயிற்று. ஆஃப்செட்டில் 500 போட்டால் 75-க்கு முடியும் என்றார்கள். 75 குறைவுதான், ஆனால் 500 பிரதிக்கு 37,500 போட வேண்டும், எனக்கு 13,000-த்தில் முடிந்தது. 100 தீர்ந்ததும் இன்னொரு 50 அடித்துக்கொண்டேன். விலை வைக்கும்போது புத்தகக் கடைக்குத் தரும் கழிவை மறக்காதீர்கள். என்னிடம் 35 சதவீதம் கேட்டார்கள்.

விடுதிக்காரர் விளம்பரம் வேண்டாம். 2025 மே மாதம் தபால் துறை, குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப ‘ஞான் போஸ்ட்’ தொடங்கியது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100, வரி தனி. விளம்பரம் உள்ள புத்தகத்தை அதில் எடுக்க மாட்டார்கள். அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ உள்ளே இருக்க வேண்டும் என்பதும் விதி.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு, நூல் வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அதையும் கணக்கில் வையுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை பைண்டர்:

டீச்சர் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. கட்டுகளை ஏற்காட்டில் வைக்காதீர்கள் ஐயா. லேமினேஷன் செய்த அட்டையின் வெளிப்பக்கம் ஈரத்தை இழுக்காது, உள்பக்கம் இழுக்கும். ஐப்பசி மூடுபனியில் ஒரு வாரம் இருந்தால் அட்டை காய்ந்த வாழைமட்டை போலச் சுருண்டுகொள்ளும். போன வருடம் மலையிலிருந்து ஒருவர் அப்படி 40 புத்தகம் கொண்டுவந்து, ‘பைண்டிங் சரியில்லை’ என்று என்னிடம் சண்டை பிடித்தார். சேலத்தில் யார் வீட்டிலாவது மேசை மேல் வைத்து, இருபது இருபதாக மேலே கொண்டுபோங்கள்.

மகள் எந்த எழுத்துருவில் அடித்தார் என்றும் கேளுங்கள். பழைய பாமினி என்றால், எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றாமல் கிண்டிலில் ஏற்ற முடியாது. மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். திரையில் கண்ணுக்குப் படாது. தாளில் எடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

ஏற்காடு ரைட்டர்:

டீச்சருக்கும் பைண்டருக்கும் நன்றி. பாமினிதானாம். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பெயர் எழுதிப் பார்த்தேன். 83 வந்தது. இரவு மறுபடி பார்த்து 11 பேரை அடித்தேன். பழைய மேலாளரை அடிக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்குவார், ஆனால் ஆறாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் கொடுப்பார். 100 பிரதியே போடுகிறேன்.

கொண்டலாம்பட்டியில் அக்காள் வீட்டில் இடம் கேட்டேன். பரண்மேல் வைக்கலாம், ஆனால் எலி இருக்கிறது என்கிறாள். பைண்டர் ஐயா, தகரப் பெட்டியில் பூட்டி வைத்தால் உள்ளே புழுங்குமா?