டிபிஎஸ் ஆபரேஷன்: அப்பாவோட நொட்டாங்கை அனுபவம்

பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய்க்கு டிபிஎஸ் (மூளைக்குள்ள மெல்லிசா கம்பி வச்சு கரண்ட் குடுக்கற ஆபரேஷன்) பண்ண போறவங்க, எந்த கைல என்ன வேலை செய்வீங்கன்னு டாக்டர்கிட்ட முழுசா சொல்லிடுங்க. எங்கப்பா டெய்லர், பொறந்ததுலேந்து நொட்டாங்கை, ஆனா ஸ்கூல்ல அடிச்சே வலது கைல எழுத வச்சுட்டாங்க, அதனால எழுதறது வலது, கத்திரி புடிக்கறது, பட்டன் தைக்கறது எல்லாம் இடது. நடுக்கமும் இடதுலதான் ஆரம்பிச்சுது. எந்த கை பழக்கம்னு கேட்டதுக்கு அப்பா எழுதற கைய நெனச்சு வலதுன்னுட்டாரு, அம்மா கூட இருந்ததால நல்லதா போச்சு, "அவருக்கு சோறு போடறது இடது கை டாக்டர்"னு சொல்லி டாக்டர குறிச்சுக்க வச்சாங்க.

முந்தின ராத்திரியே மாத்திரைய நிறுத்திட்டாங்க, நடுக்கம் வெளிய தெரிஞ்சாதான் கரண்ட் குடுத்து குறையுதான்னு பாக்க முடியுமாம். தலைல ஃபிரேம், மரத்துப்போக ஊசி, ஆனா அப்பா முழிச்சுதான் இருந்தாரு. இடது கைக்கு மூளையோட வலது பக்கம். சப்தலாமிக் நியூக்ளியஸ்ங்கற குட்டி இடத்துல கம்பிய வச்சு கரண்ட கொஞ்சம் கொஞ்சமா ஏத்திருக்காங்க, மணிக்கட்ட மடக்கி பாத்து, விரல தட்ட சொல்லி, அப்பா கேட்டு கத்திரி வெட்டற மாதிரியும் செஞ்சு காட்டிருக்காரு, ஒரு கட்டத்துல கை அப்படியே அடங்கிடுச்சாம், அத சொல்றப்போ இன்னைக்கும் அவருக்கு கண்ணு கலங்கும். இன்னும் ஏத்தினப்போ வாயோரம் இழுத்துருக்கு. பயப்படாதீங்க, பக்கத்துல போற நரம்பு பாதைக்கு கரண்ட் பரவுதுன்னு அர்த்தம், நடுக்கம் நிக்கற அளவுக்கும் இழுக்கற அளவுக்கும் நல்ல இடைவெளி இருந்தா கம்பி சரியான இடத்துல இருக்குன்னு டாக்டர் சொன்னாரு.

சித்தப்பா இது ஏதோ சோதனை வைத்தியம்னு ரொம்ப பயந்தாரு. 1987லயே பிரான்ஸ்ல கிரெனோபில்ல டாக்டர் பெனபிட் நடுக்கத்துக்கு இத ஆரம்பிச்சுட்டாரு, அமெரிக்காலயும் 2002ல பார்க்கின்சனுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஆனா நோய் போயிடாது, மாத்திரை குறையும், அவ்ளோதான். பேச்சு இன்னும் சன்னமாதான் இருக்கு.

---

அண்ணா, எங்கம்மாக்கு நேர்மாறு, வலது கை பழக்கம் ஆனா கஷ்டமெல்லாம் இடது பக்கம், அதனால பழக்கமான கைலதான் வரும்னு கட்டாயம் இல்ல. இன்னொன்னு, கம்பிக்கு கரண்ட் குடுக்க நெஞ்சுல வச்ச பேட்டரிய ஆன் பண்றதுக்கு முன்னாடியே நடுக்கம் குறைஞ்சுது, கம்பி போன இடத்துல லேசான வீக்கத்தால அப்படி ஆகுமாம், கொஞ்ச வாரத்துல திரும்பி வந்துச்சு, அம்மா ஆபரேஷன் வீணாப்போச்சுன்னு அழுதுட்டாங்க. ப்ரோகிராமிங்க்கு, அதாவது கரண்ட் அளவ சரி பண்றதுக்கு, நாலஞ்சு தடவ போய் வந்தப்பறம்தான் செட் ஆச்சு. ஆன் பண்ணாத வரைக்கும் எதுவும் முடிவு பண்ணாதீங்க.