மருந்துக்கு அடங்காத வலிப்பு: வீட்டில் பார்த்தவர்கள் சொல்வது

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா:

என் மகனுக்குத் தூக்கத்தில்தான் வரும். இடது கை விறைத்து மேலே போகும், வாய் ஒரு பக்கம் கோணும், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் அதே ராத்திரியில் மறுபடியும் வரும். வலிப்பு மாத்திரைகளில் முதலில் கார்பமஸெபைன், பிறகு லெவெடிரசெட்டம், அதற்கு மேல் வால்ப்ரோயேட், குளோபசாம். வகுப்பில் தூங்கி வழிந்தானே தவிர, வலிப்பு நிற்கவில்லை. ஊரில் எடுத்த எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை என்றார்கள்.

கடைசியில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1995இலிருந்து அங்கே வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், மூன்றாவது நான்காவது மருந்தில் முழுசாக நிற்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று டாக்டர் விளக்கினார். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக்கூடாதா என்று இன்றும் ஆற்றாமைதான்.

அங்கே 3 டெஸ்லா என்ற காந்த சக்தி கூடிய எம்ஆர்ஐயில், வலிப்புக்கென்றே உள்ள முறையில் மெல்லிய அடுக்குகளாக எடுத்துப் பார்த்தார்கள். வலது முன்மூளையில் ஒரு மடிப்பின் அடியில் சின்னதாக ஒரு இடம், விளிம்பு கலங்கித் தெரிந்தது. ஃபோகல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியாவாம். கருவில் மூளை வளரும்போது நரம்புச் செல்கள் ஒழுங்காக அடுக்கமையாமல் போன இடம். லண்டனில் டேவிட் டெய்லர் குழுவினர் இதை 1971இலேயே விவரித்துவிட்டார்கள்.

கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் வாய்கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். இவன் வகை டிஸ்பிளேசியாவில் பெரும்பாலும் கருவின் சில செல்களில் தானாக நிகழும் மரபணு மாற்றம்தான் காரணம், அம்மா செய்த எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது அங்கேயே அழுதுவிட்டேன். பிள்ளைக்கு வலிப்பு உள்ள ஒவ்வொரு அம்மாவிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

வீடியோ இஇஜிக்காக, அதாவது வலிப்பை வீடியோவிலும் மூளையின் மின் அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்வதற்காக, ஆஸ்பத்திரியில் வைத்தே மாத்திரையைக் குறைத்தார்கள், கேமரா முன் வலிப்பு வர வேண்டுமே! பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. பிறகு அந்த இடத்தை ஆபரேஷனில் எடுக்க முடிவானது. அது கை அசைவுப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்ததால் பயம் கூடியது. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை துவண்டுதான் இருந்தது. பிசியோதெரபியில் மெல்லத் திரும்பியது. வலிப்பு நின்றிருக்கிறது. மாத்திரை இன்னும் உண்டு, அளவு குறைவு.

சேலத்திலிருந்து ஒரு அப்பா:

அக்கா, உங்கள் மகன் நன்றாக இருக்க வேண்டும். எங்கள் பாப்பாவுக்குக் கதை வேறு. டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ், மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் முடிச்சு முடிச்சாக வளரும் மரபணு நோய். உடம்பில் வெள்ளைத் திட்டுகள், கைக்குழந்தையிலேயே உடம்பு குலுங்கும் வலிப்பு. விகாபாட்ரின் என்ற மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் நின்றது, பிறகு வேறு வடிவில் திரும்பி வந்தது. இந்த நோயிலும் ஒரே முடிச்சிலிருந்து வலிப்பு கிளம்பினால் அதை எடுக்கலாமாம். பாப்பாவுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புவதால் முடியாது என்றார்கள்.

இப்போது எவெரோலிமஸ் என்ற மருந்து கொடுக்கிறோம். செல்களை அளவுக்கு மீறி வளரச் சொல்லும் எம்டார் என்ற பாதையை அது தணிக்கிறதாம். அமெரிக்காவில் 2018இல் இந்த நோயின் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. வாய்ப்புண் வந்து பிள்ளை சாப்பிடாமல் தவிக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், செலவும் அதிகம். வலிப்பு நிற்கவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள்.

கடலூரிலிருந்து ஒரு அம்மா:

என் மகளுக்கு மூன்றாவது மருந்து ஓடுகிறது. பெரிய சென்டருக்குப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும் அக்கா?

நாகர்கோவில் அம்மா:

எம்ஆர்ஐ ரிப்போர்ட் மட்டும் போதாதும்மா, படங்கள் உள்ள சிடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து எவ்வளவு அளவில், எதனால் நிறுத்தினார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுங்கள், தொடக்கம் கிடைத்தால் ரொம்ப நல்லது. அங்கே சொல்லும்வரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.