35 வயசில ஓ.எல் கணிதம்: வீட்டில சொல்லவா, விடவா?

சம்பூர்ப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். இருக்கிறது திருகோணமலை, சாம்பல்தீவு. பிறந்த ஊர் சம்பூர். வீட்டிலேயே தைக்கிறன், இவருக்கு மேசன் வேலை. மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். மாமியும் எங்களோடதான்.

நான் ஓ.எல், அதான் பதினோராம் ஆண்டு முடிய எழுதுற சாதாரண தரப் பரீட்சை, எழுதல்ல. 2006 டிசம்பரில எழுத இருந்தனான். அந்த வருஷம் ஏப்ரல்லயே சண்டையால ஊர் எழும்பிட்டுது. வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று இழுபட்டுக் கடைசியில கிளிவெட்டி முகாம். வீட்டை விட்டு வெளிக்கிடக்குள்ள அப்பா எடுத்தது ரெண்டே சாமான்: ஒரு அரிசிப் பை, என்ட கொப்பிப் பை. வெருகல் ஆற்றடியில அரிசியை அம்மாட்டக் குடுத்திட்டுக் கொப்பிப் பையைத் தன்ட தலையில வச்சவர். "அரிசி நனைஞ்சா காயப்போடலாம்" என்றார். அவர் கிளிவெட்டியிலேயே போய்ச் சேர்ந்திட்டார். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று 2015இல விட்ட நேரம் நான் கல்யாணம் கட்டி இஞ்ச வந்து ஆறு வருஷம்.

போன மாசம் மகள் ஆரைச்சிறை (வட்டத்தில ரெண்டு ஆரைக்கு இடையில வாற துண்டு) கணக்கு ஒன்றோட வந்தாள். "அப்பா வரட்டும்" என்று சொன்னன். அவருக்கும் தெரியாது என்றது அவளுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமப் போயிற்றாள். அண்டைக்கு அவள் படுத்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தன். விளங்கல்ல. ஆனா பதினொரு மணி மட்டும் வச்சுக்கொண்டே இருந்தன்.

அதில இருந்து களவாப் படிக்கிறன். தைக்கிற துணிக்குக் கீழ புத்தகம் இருக்கும். மாமி வாற சத்தம் கேட்டா மெஷினை மிதிச்சிடுவன். மாமி கெட்டவ இல்ல. ஆனா "மகள் படிக்கிற நேரத்தில தாய்க்கு என்ன படிப்பு" என்று ஒரு சொல் சொன்னா அதோட நான் புத்தகத்தை மூடி வச்சிடுவன். எனக்கு என்னைத் தெரியும். இவர் "செய்யன்" என்பார். அப்படிச் சொல்லிப்போட்டுச் சாப்பாடு எங்க என்று கேட்பார்.

தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதலாம் என்று ஆசை. வீட்டில சொல்றதா, எழுதி முடிச்சுப்போட்டுச் சொல்றதா? எங்க இருந்து தொடங்குற? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா மாஸ்டர்:

தங்கச்சி, முப்பது வருஷம் கணிதம் படிப்பிச்சுப்போட்டு ஓய்வில இருக்கிறன். படிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்றன், வீட்டு விஷயத்தை மற்றவங்க சொல்லட்டும்.

முதல்ல ஒரு கேள்விக்கு நீங்களே பதில் சொல்லணும்: எதுக்கு எழுதுறீங்க? மகளுக்குச் சொல்லிக் குடுக்க என்றா கணிதம் மட்டும் விண்ணப்பிச்சாப் போதும். பிறகு ஒரு வேலைக்கோ பயிற்சிக்கோ போற எண்ணம் இருந்தா கணக்கே வேற. அரச வேலை விளம்பரங்களைப் பாருங்க, பெரும்பாலும் "இரண்டு தடவைகளுக்கு மேற்படாமல் ஆறு பாடங்களில் சித்தி" என்று போட்டிருக்கும். இந்த முறை கணிதம் மட்டும் எழுதினா அதுவே ஒரு தடவையாப் போயிடும். மிச்சம் ஐந்தையும் அடுத்த முறை ஒன்றாச் சுமக்கணும். இது தெரியாம ஒவ்வொரு பாடமா எழுதிப் பிறகு கவலைப்பட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கன்.

கணிதத்தில 35 புள்ளி எடுத்தா சாதாரண சித்தி. முதலாம் வினாத்தாள் ரெண்டு மணித்தியாலம். அதில பகுதி அ-வில இருபத்தைந்து சின்னக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. முதல் மூணு மாசம் அதை மட்டும் பிடியுங்க. பின்னம், சதவீதம், விகிதம், பரப்பளவு. பாவாடைக்கு மடிப்பு வச்சு வெட்டுற ஆளுக்கு விகிதம் கையில இருக்கு, எழுதுற முறைதான் இல்ல. கேத்திரகணிதத் தேற்றங்களை இப்ப தொடாதீங்க. அதில தொடங்கினவங்கதான் கூடுதலா இடையில விட்டவங்க. 10ஆம், 11ஆம் ஆண்டுப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட தளத்தில இலவசமா இறக்கலாம். விளங்காததைப் படம் பிடிச்சு இஞ்ச போடுங்க, நான் பார்க்கிறன். இன்ஷா அல்லாஹ் முடியும்.

திருக்கடலூர் அக்கா:

தங்கச்சி, படிப்பு எனக்குத் தெரியாது. சொல்றதா விடுறதா என்றதுக்கு என்ட கதையைச் சொல்றன்.

சீனி கூடினதால நடக்கச் சொன்னாங்க. தெரு முழுக்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத் தொடங்கினன், கோட்டை வாசல்ல இருந்து கோணேசர் கோயில் மட்டும் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குவன் என்று. நாலு தரம் தொடங்கி நாலு தரமும் விட்டன். எல்லாரும் "நல்லது, நல்லது" என்றாங்க. ஆனா விடிய நாலரைக்கு "நல்லது" வந்து எழுப்பாது. ஐந்தாம் தரம் ஒருத்தருக்கும் சொல்லாம என்ட தம்பி பெண்சாதியிட்ட மட்டும் கேட்டன்: "ஐந்தே காலுக்குப் படலையில வந்து ஒரு சத்தம் போடு, வேற ஒன்றும் வேணாம்." அவ வந்தா. ஒரு நாள் நல்ல மழை, அண்டைக்கும் குடையோட வந்து நின்றா. அவ மழையில நிற்க நான் எப்படிப் படுத்துக் கிடக்கிற? இப்ப மூணு வருஷம். வாசல்ல மேயிற மான் கூட எங்க ரெண்டு பேரையும் கண்டு விலகிறதில்ல.

"எனக்கு உதவி செய்யுங்கோ" என்று கேட்டா வீட்டாளுகளுக்கு என்ன செய்யிற என்று தெரியாது. எந்தக் கிழமை, எத்தனை மணி, என்ன வேலை என்று கேளுங்கோ.

மூதூர் தம்பி, கட்டார்:

நான் ஒன்று சொல்லட்டா அக்கா, கோவிக்க வேணாம். களவா மட்டும் செய்யாதீங்க. என்ட மனிசி தையல் வகுப்புக்கு எனக்குச் சொல்லாமப் போய் முடிச்சவ. சேர்ட்டிபிக்கேட்டைப் போன்ல காட்டக்குள்ள சந்தோஷம்தான், ஆனா அந்த ஆறு மாசமும் நான் ஏன் வெளியால நின்றன் என்று இண்டைக்கும் மனசில கிடக்கு. தெரிஞ்சிருந்தா அவ வகுப்புக்குப் போற நேரத்தில கோல் எடுத்துக் கரைச்சல் குடுத்திருக்க மாட்டன். அண்ணனுக்குச் சொல்லுங்க. சாப்பாடு எங்க என்று கேட்கிற ஆளுக்கு, சாப்பாடு எங்க இருக்கு என்று காட்டினா எடுத்துச் சாப்பிடுவார்.

சம்பூர்ப் பிள்ளை (பதினாறு நாளுக்குப் பிறகு):

எல்லாருக்கும் பதில் எழுதச் சுணங்கிட்டுது, மன்னிக்கணும். பள்ளிக்கூட உடுப்புத் தையல் குவிஞ்சிட்டுது.

மாஸ்டர், எதுக்கு என்று கேட்டீங்க. ரெண்டு நாள் யோசிச்சன். மகளுக்காக என்று எழுதினது முழு உண்மை இல்ல. அந்தப் பையை அப்பா சும்மா சுமக்கல்ல என்று எனக்கு இருக்கணும். அதால ஆறு பாடமும், ரெண்டு தடவையில. முதல் தடவை கணிதம், தமிழ், சைவநெறி. மிச்சம் அடுத்த முறை.

இவருக்குச் சொன்னன். செவ்வாயும் வியாழனும் எட்டில இருந்து ஒன்பதரை மட்டும் என்னைக் கூப்பிடக்கூடாது, சோறு சட்டியில இருக்கும், போட்டுச் சாப்பிடணும் என்று. "அவ்வளவுதானே" என்றார். முதல் செவ்வாய் ரெண்டு தரம் கூப்பிட்டார், பிறகு இல்ல.

மாமிக்குச் சொல்லத்தான் கை நடுங்கினது. அப்பாட கொப்பிப் பைக் கதையில இருந்து தொடங்கினன். இத்தனை வருஷத்தில அவவுக்கு நான் அதைச் சொல்லியிருக்கல்ல. கேட்டுக்கொண்டு இருந்தா, ஒரு சொல்லும் சொல்லல்ல, எழும்பிக் கிணற்றடிக்குப் போயிற்றா. அண்டைக்கு இரவு நான் அழுதன். வியாழன் பின்னேரம் நான் மெஷின்ல இருக்கக்குள்ள குசினிக்குள்ள மீன் வெட்டுற சத்தம் கேட்டது. மாமி வழமையா மீனைத் தொடமாட்டா, கையில வெடிப்பு, உப்புப் பட்டா எரியும். போய்ப் பார்த்தா பாரைமீன் வெட்டிக் கழுவி வச்சிருக்கு. "எட்டு மணிக்கு முதல் முடிக்கத்தானே வேணும்" என்றா.

மகள்தான் இப்ப எனக்கு சேர். சிவப்புப் பேனையும் வாங்கி வச்சிருக்கிறாள். மாஸ்டர், ஆரைச்சிறையின்ட பரப்பளவு சரியா வருகுது, சுற்றளவுதான் பிழைக்குது. வில்லின்ட நீளத்தைக் கண்டுபிடிச்சு அதையே விடையா எழுதிடுறன், ரெண்டு ஆரையையும் கூட்ட மறந்துபோறன். மூணு தரமும் மகள் வட்டம் போட்டுத் தந்திட்டாள். இதை மறக்காம இருக்க ஏதும் வழி இருந்தாச் சொல்லுங்கோ. நாளைக்குச் செவ்வாய்.